கதிரையில் ஏறுகிற நேர்ஸ்

வவுனியாவில் நடந்த தாதியர் பயிற்சி நேர்முகத் தேர்வை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. விஞ்ஞானப் பாடங்களில் சித்தி, வயது எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில் என்னைச் சுவரோடு நிறுத்தி உயரம் அளந்தார்கள்.

"ஒரு அங்குலம் காணாது பிள்ளை. சேலைன் போத்தில் கொழுவ எட்டுமோ?" என்று கேட்டார் அதிகாரி அம்மா.

"அக்கராயனில தொண்டரா நிண்டு ஒரு வருசமாக் கொழுவுறன் அம்மா. சண்டையில காயப்பட்ட ஆக்கள் வாற ஓலைக்கொட்டில் ஆஸ்பத்திரி. கதிரையில ஏறிக் கூரைத்தடியில கொழுவுவன்."

"கதிரையில ஏறுற நேர்சை நாங்கள் எடுக்கிறேல்லை," என்றுவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்.

நான் கொட்டிலுக்குத் திரும்பியபோது காயக்காரர் ஒருவரின் சேலைன் முடியும் தறுவாயில் இருந்தது. "வந்திட்டீங்களோ தங்கச்சி," என்றார் அவர். கதிரையை இழுத்துப் போட்டு ஏறினேன்.

அளவான உயரமுள்ள நேர்ஸ் ஒருவரையும் அந்தக் கொட்டிலுக்கு அவர்கள் கடைசிவரை அனுப்பவில்லை.