கடைசி வரிக்குப் பின் இரண்டு கோடுகள்

மதியம் இரண்டு மணி நாற்பது நிமிடம்.

ராத்திரி என்று எழுதினால் நீங்கள் சுலபமாகப் பயந்துவிடுவீர்கள். ஆனால் நடந்தது மதியத்தில். ஜன்னலில் நல்ல வெயில். மொட்டை மாடியில் யாரோ துணி உதறிக்கொண்டிருந்தார்கள். நடந்ததை நடந்த நேரத்தோடு எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

நான் ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுப்பவள். வீட்டிலேயே பதிவு. படுக்கையறைச் சுவரில் பெரிய அலமாரி ஒன்று உண்டு. அதன் கீழ்த்தட்டுகளைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு மர முக்காலி, ஒரு மைக், ஒரு சின்ன விளக்கு வைத்திருக்கிறேன். மூன்று பக்கமும் கம்பளி. கதவை மூடினால் உலகம் அணைந்துவிடும். "அலமாரிக்குள்ளயே தனிக்குடித்தனம் போயிட்டா" என்று என் வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை எங்கள் கட்டடம் அமைதியாக இருக்கும். பிள்ளைகள் பள்ளியில், பெரியவர்கள் தூக்கத்தில். அதுதான் என் வேலை நேரம்.

அதுவரை சின்னச் சின்னக் கதைகள்தான் படித்திருந்தேன். முதல்முறையாக ஒரு முழுப் புத்தகம் வந்தது. பலருக்கும் தெரிந்த புத்தகம். ஓர் எழுத்தாளர், நோயில் இறந்த தன் மனைவி பேசுவதுபோல எழுதியது. பக்கத்துக்குப் பக்கம் 'நான்'. அட்டையில் ஒரு வரி: 'அவள் சொன்னாள், நான் எழுதினேன்.' படித்தவர்கள் அழுதார்கள். அவர் அதை ஒலிப்புத்தகமாக்கி இன்னும் பெரிய கூட்டத்துக்குக் கொண்டுபோக நினைத்தார். பலரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு என்னைத் தேர்ந்தெடுத்தார்.

"குறையே சொல்லத் தெரியாத குரலும்மா உங்களுக்கு" என்றார்.

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். இது நன்றாக வந்தால் இனி அடுத்தடுத்துப் பெரிய புத்தகங்கள் வரும். சத்தம் பிசிறு இல்லாமல் முடித்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் என் கவலை.

ஒவ்வொரு நாளும் படிக்கத் தொடங்கும் முன் முப்பது விநாடி மௌனத்தைப் பதிவு செய்வோம். வெறும் அறை. மூச்சைக்கூட அடக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு ரூம் டோன் என்று பெயர். பின்னால் ஓர் இருமலையோ கீச்சையோ வெட்டினால், வெட்டிய ஓட்டையை இந்த மௌனத்தால் அடைப்பார்கள். அது எடிட்டர் வேலை. எங்கள் எடிட்டருக்குப் பட்டப்பெயர் காது. பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜுக்கு என்ன வயது என்று பதிவைக் கேட்டே சொல்லிவிடுவான்.

கடைசி அத்தியாயம் வரை ஒரு தொல்லையும் இல்லை. அதன் கடைசி வரிகள் இவை.

'போதும் என்று நானே சொன்னேன். என்னைப் போக விடுங்கள் என்றேன். அவர் நான் சொன்னபடிதான் செய்தார்.'

படித்தேன்.

டக்... டக்.

ஹெட்போனில், இடது பக்கம். இரும்பின் மேல் எதையோ தட்டியதுபோல. அப்போதுதான் மணி பார்த்தேன். இரண்டு நாற்பது.

கையில் வளையல் இல்லை. கடிகாரம் மேஜை மேல். முக்காலியில் ஆணிகூடக் கிடையாது. மறுபடி படித்தேன்.

டக்... டக்.

முந்தைய பக்கத்தைப் படித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அதற்கு முந்தைய பக்கமும் சுத்தம். இந்த வரிகளுக்கு மட்டும்தான். ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் படித்தேன். அலமாரிக்குள் ஒரு சத்தமும் இல்லை. பதிவைப் போட்டுக் கேட்டேன்.

இருந்தது.

இன்னொன்றும் உறைத்தது. நான் வைத்திருப்பது ஒரே ஒரு மைக். அதில் இடம் வலம் பிரியவே வழியில்லை. ஆனால் தட்டுச் சத்தம் இடது காதில் மட்டும்தான் கேட்டது.

அப்படியே அனுப்பிவைத்தேன். மாலையில் காது கூப்பிட்டான். கட்டில் கம்பியில் மோதிரத்தால் தட்டுவதுபோல இருக்கிறது, உங்கள் வீட்டில் இரும்புக் கட்டிலா என்று கேட்டான். மரக் கட்டில் என்றேன். சரி, வெட்டிவிட்டேன் என்று வைத்துவிட்டான்.

மறுநாள் காலையில் மறுபடி கூப்பிட்டான். இந்த முறை குரலில் விளையாட்டு இல்லை. வெட்டி, அடைத்து, சேமித்துவிட்டுத்தான் தூங்கினானாம். காலையில் திறந்தால் சத்தம் பழையபடி அதே இடத்தில் இருந்ததாம். சரி, அடைத்த மௌனத்தில்தான் ஏதோ கோளாறு என்று, அதைத் தனியாக எடுத்து ஒலியைக் கூட்டிக் கேட்டிருக்கிறான்.

"அக்கா, ரூம் டோன் எடுக்கறப்ப மூச்சு விட்டீங்களா?"

"இல்லையே. அடக்கிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அப்ப இதுல மூச்சு விடுறது யாரு?"

அனுப்பச் சொல்லிக் கேட்டேன். மூச்சுதான். ஆனால் மூக்கால் விடும் மூச்சு அல்ல. வாயாலும் அல்ல. ஏதோ சின்னத் துவாரம் வழியாக... ஈரமாக... மெல்லிய விசில்போல.

எழுத்தாளருக்கு போன் செய்தேன். தட்டுச் சத்தத்தைச் சொன்னேன். மூச்சைச் சொல்லவில்லை. அந்தக் கடைசி வரிகளை விட்டுவிடலாமா என்று கேட்டேன். அந்த வரிகளுக்காகத்தான் ஜனங்கள் புத்தகத்தையே வாங்குகிறார்கள் என்றார். இலவசமாகக் கேட்கக் கொடுக்கும் மாதிரித் துண்டும் அதுதான். சுவரொட்டியும் அதுதான். நான் படித்த அந்த வரிகள் கணினித் திரையில் மேலும் கீழுமாகக் கோடுகளாய்த் தெரியுமே, அதை அப்படியே பெரிதாக அச்சடித்து, கீழே 'ஒரு மனைவியின் கடைசி வாக்கியம்' என்று போடப்போகிறார்களாம்.

"நீங்க தயங்கித் தயங்கிப் படிக்கிறீங்க. வேற ஒண்ணும் இல்ல. நான் வந்து படிச்சுக் காட்டுறேன்."

அடுத்த நாள் மதியம் வந்தார். நல்ல உயரம். அலமாரியைப் பார்த்ததும் சிரித்தார்.

"இதுக்குள்ளயா என் பொண்டாட்டிய உக்கார வெச்சிருக்கீங்க?"

குனிந்து உள்ளே போனார். கதவை மூடினேன். நான் கட்டிலில் கணினியோடு உட்கார்ந்தேன். இன்னொரு ஹெட்போன் என் காதில். திரையின் மூலையில் மணி இரண்டு நாற்பது.

படித்தார். மேடையில் பேசிப் பழகிய குரல். தயக்கமே இல்லை.

டக்... டக்.

அவர் மூச்சு நிற்பது கேட்டது. மறுபடி படித்தார். வேகமாக.

டக்... டக்.

மூன்றாம் முறை வரியை முடிக்கவே விடவில்லை. 'நானே' என்ற சொல்லின் மேலேயே விழுந்தது.

டக். டக்.

அதன் பிறகு அவர் பேசினார். என்னிடம் அல்ல. மேடைக் குரலும் அல்ல. வீட்டில், பழகிச் சலித்த ஆளிடம் பேசும் குரல்.

"சும்மா இரு."

திரையில் ஒலியின் அளவைக் காட்டும் பச்சைக் கோடு எழுந்தது. அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை.

மூச்சு.

முதலில் இடது பக்கம். பிறகு இரண்டு காதிலும்.

கிட்டே.

இன்னும் கிட்டே...

டக் டக். டக் டக். டக் டக். டக் டக்.

பச்சை சிவப்பானது.

ஹெட்போனை வீசினேன்.

அறை அமைதியாக இருந்தது. மாடியில் துணி உதறும் சத்தம் மட்டும். அலமாரிக் கதவு மெதுவாகத் திறந்தது. அவர் வெளியே வந்தார். ஹெட்போனை உள்ளேயே கழற்றிப் போட்டிருந்தார். இருந்தும் தலையை இடது பக்கம் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். காதில் விழவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"நீங்க படிச்சதே இருக்கட்டும். சுத்தம் பண்ணச் சொல்லுங்க. அந்த வரி இருக்கணும்."

அன்று இரவு என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அலமாரிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு எலியாக இருக்கும் என்றார். எலிக்கு ரெண்டு ரெண்டாக எண்ணத் தெரியுமா என்று கேட்டேன். சிரித்தார். ஆனால் மறுநாளே தன் சட்டைகளையெல்லாம் எடுத்துப் போய் வேறு அறையில் மாட்டிக்கொண்டார்.

காது அந்த இடத்தை மௌனத்தால் அடைக்கவில்லை. ஒன்றுமே இல்லாமல் வெறுமையாக விட்டான். மூன்று நாள் திறந்து திறந்து பார்த்தான். சத்தம் திரும்பவில்லை. அதைத்தான் அனுப்பினான். நானும் கேட்டேன். சுத்தமாக இருந்தது.

வெளியீட்டு விழா. அரங்கம் நிறைந்திருந்தது. மேடைக்குப் பின்னால் சுவரளவு அந்தச் சுவரொட்டி. நானும் காதும் நான்காவது வரிசையில். என் குரலின் வடிவம் எனக்கு என் கையெழுத்துபோல. எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று தெரியும். அந்த அலைகள் ஏறி, இறங்கி, முடிந்து, நேர்கோடாகப் படுத்திருந்தன.

படுத்த கோட்டின் மேல், மெல்லியதாக, நிமிர்ந்து இரண்டு கோடுகள்.

காது என் முழங்கையைப் பிடித்தான். நான் அனுப்பியதில் இது இல்லை என்று மட்டும் சொன்னான்.

எழுத்தாளர் மைக்கைக் கையில் எடுத்தார். "அவள் என்னிடம் சொன்னாள்" என்று தொடங்கினார். நிறுத்தினார். தலை இடது பக்கம் சாய்ந்தது. யாரோ கைதட்டினார்கள். துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று நினைத்திருப்பார்கள். மறுபடி, "அவள் என்னிடம்..." நிறுத்தினார். மூன்றாவது முறை "அவள்" என்பதோடு நின்றது.

"சும்மா இரு" என்றார், மைக்கில். அரங்கம் முழுக்கக் கேட்டது. ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்தது. மைக் கீழே விழுந்தது. அவரும் விழுந்தார்.

உயிர் போகவில்லை. பேச்சு போனது. ஒரு கையும் காலும் விழுந்துவிட்டன. அந்தச் செய்தி பரவியதும் ஒலிப்புத்தகம் முன்னைவிட நன்றாக விற்றது.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு போன். மதியம். அலமாரிக்குள் போகத் தைரியம் வராமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பேசியவர் எழுத்தாளரை வீட்டில் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். அவர் மனைவியையும் கடைசிவரை பார்த்துக்கொண்டது தானே என்றார். வீடு பழகியவர் என்று மகள் மறுபடி கூப்பிட்டிருக்கிறாள். நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொழுது போகாமல் புத்தகத்தைக் கேட்டிருக்கிறார். மகளிடம் என் எண்ணை வாங்கியிருக்கிறார்.

"அந்தம்மா சொன்னாங்க சொன்னாங்கன்னு படிச்சிருக்கீங்களே. அவங்க எப்படிம்மா சொல்லியிருப்பாங்க?"

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். இறப்பதற்கு ஒரு வருஷம் முன்பே அந்த அம்மாவின் தொண்டையில் அறுவைசிகிச்சை நடந்து குரலை மொத்தமாக எடுத்துவிட்டார்களாம். கழுத்தில் துளை போட்டு ஒரு குழாய். அதன் வழியாகத்தான் மூச்சு. எழுதலாமென்றால் கை நடுங்கும். கிருமி தொற்றும் என்று சொல்லி எழுத்தாளர் யாரையும் உள்ளே விடுவதில்லை. மகள் வெளியூரில். அதனால் வெளியே யாருக்கும் தெரியாது. எது கேட்டாலும் கட்டில் கம்பியில் மோதிரத்தால் தட்டுவார்களாம். ஒரு தட்டு என்றால் ஆமாம்.

இரண்டு என்றால் வேண்டாம்.

குழாயில் சளி அடைக்காமல் அடிக்கடி எடுத்துவிட வேண்டும். கடைசி நாளன்று, நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வீட்டுக்குப் போ என்று எழுத்தாளர் சொன்னாராம். அவர் அப்படிச் சொன்னது அந்த ஒரு நாள்தான். நர்ஸ் படியிறங்கும்போது உள்ளே அவர் மெதுவாக ஏதோ கேட்பது காதில் விழுந்தது. இரண்டு தட்டு. மறுபடி கேட்டார். மறுபடி இரண்டு தட்டு. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறார்போல என்று நினைத்துக்கொண்டு நடந்துவிட்டாராம். இரண்டே முக்கால் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம்.

அவர் தொடர்ந்தார். இப்போது எழுத்தாளரை அதே அறையில், அதே கட்டிலில்தான் படுக்க வைத்திருக்கிறார்கள். அவருக்கும் பேச்சு இல்லாததால், அதே மாதிரி தட்டச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

"மதியம் ஆனா ஆரம்பிச்சிடுறாரு. ரெண்டு ரெண்டா. விடாம. வேர்த்துக் கொட்டுது. கண்ணு இடது பக்கத்தையே பாக்குது."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

போனில், அவருக்குப் பின்னால்...

டக்... டக். டக்... டக்.

நர்ஸ் குரலைத் தாழ்த்தினார்.

"நான் ஒண்ணுமே கேக்கலம்மா. இவரு யாருக்குப் பதில் சொல்றாரு?"