லக்கிந்தர் சுட்ட கத்திரிக்காய்

தண்டவாளம் பராமரிக்கிற எங்கள் கேங்கில் செருப்புப் போடாத ஒரே ஆள் லக்கிந்தர் பவுரி. பன்ஸ்தோலா ரயில் கிளைப்பாதையில் அவனும் நானும் பதினெட்டு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். விடிந்ததும் தோளில் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தண்டவாளத்தோடு நடந்து, தளர்ந்த போல்ட்டை முடுக்குவது அவன் வேலை.

அந்தப் பதினோரு மைல் பாதையை வெள்ளைக்காரன் நிலக்கரிக்காகப் போட்டான். பிறகு, போனால் போகிறதென்று மூன்று பெட்டியோடு ஒரு பாசஞ்சரும் விட்டார்கள். சுரங்கத்து ஆட்கள், ஆடுகள், கல்யாணக் கூட்டம் எல்லாம் அதில்தான். கீழே கரியைத் தோண்டித் தோண்டி பூமி பொள்ளலாகிப் போனது. மிச்சமிருந்த கரியில் தீயும் பிடித்துக்கொண்டது. அது எந்தப் பக்கம் ஊர்கிறது என்று லக்கிந்தரின் உள்ளங்காலுக்குத்தான் முதலில் தெரியும்.

எண்பத்தேழில் ஒருநாள் ஏழாம் மைலில் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டான்.

"டேய், தீ நம்ம பாதைக்கு அடியிலயே வந்துடுச்சுடா."

இன்ஸ்பெக்டர் ஹாஜ்ரா பாபுவிடம் ஓடினோம். "உன் கால் சுட்டுதுன்னு மேலே எழுதச் சொல்றியா? என்னைப் பார்த்துச் சிரிப்பானுங்க" என்றவர், நோட்டில் 'கவனித்து வரவும்' என்று எழுதி அனுப்பினார். ஆறு மாசத்தில் நாலு தடவை போனோம். நாலு தடவையும் அதே வாசகம்.

"நானும் கவனிக்கிறேன். தீயும் என்னைக் கவனிக்குது" என்றான் லக்கிந்தர்.

அந்தக் கோடையில் பெரிய எஞ்சினியர் சாகேப் டிராலியில் பாதை பார்க்க வந்தார். "சாப்பாட்டை நான் பார்த்துக்கறேன் பாபு" என்று லக்கிந்தர் தானாகப் போய் ஏற்றுக்கொண்டான். வீட்டில் தண்ணீர்ச் சொம்பைக்கூட நகர்த்தாதவன்.

ஏழாம் மைலில் மகுவா மரத்தடியில் நாற்காலி போட்டு சாகேபை உட்கார வைத்தோம். கோதுமை மாவை உருட்டிச் சுட்ட லிட்டியும், சுட்ட கத்திரிக்காயைப் பிசைந்து கடுகெண்ணெய் விட்ட சோக்காவும் இலையில் வந்தன. சாகேப் மூன்றாவது லிட்டியை உடைக்கும்போது கேட்டார்:

"பிரமாதம்பா! அடுப்பை எங்க வச்சிருக்க? புகையே காணோம்?"

"நீங்க போட்ட அடுப்புதான் சாகேப்" என்ற லக்கிந்தர், தண்டவாளத்தை ஒட்டி மண்வெட்டியால் கல்லை விலக்கினான். உள்ளேயிருந்து கருகிய கத்திரிக்காய் ஒன்று ஆவி பறக்க உருண்டு வந்தது. "இன்னொண்ணு வைக்கவா?"

சாகேப் குழிக்குள் கையை விட்டு, உதறிக்கொண்டு எழுந்தார். ஹாஜ்ரா பாபுவுக்கு வாயில் இருந்த லிட்டி இறங்கவில்லை. அன்று மத்தியானமே அந்தப் பாதையில் ரயிலை நிறுத்திவிட்டார்கள்.

ஊர் சும்மா விடுமா? "ரெண்டு கத்திரிக்காய்க்கு ரயிலையே தின்னுட்டியேடா!" என்று சந்தையில் வழிமறித்தார்கள். மாலோதி, அவன் பெண்டாட்டி, இன்னும் ஒரு படி மேலே போனாள். "எனக்கு ஒருநாள் அடுப்பு பத்த வச்சிருக்கியா? ரயில்வேக்குப் போய் சமைச்சியாக்கும்! எங்கண்ணன் வீட்டுக்கு இனிமே உன் முதுகுலயா ஏறிப் போவேன்?" இது போதாதென்று, அனுமதியின்றி ரயில்வே நிலத்தில் சமைத்ததாக ஹாஜ்ரா பாபு விளக்கம் கேட்டுக் காகிதம் நீட்டினார். லக்கிந்தருக்கு எழுதத் தெரியாது. நான்தான் எழுதினேன்: 'சமைத்தது நானில்லை, நிலம்.'

ரயில் நின்ற பதினாறாம் நாள் காலை ஏழாம் மைல் அப்படியே உள்ளே போய்விட்டது. மகுவா மரத்தையும் காணோம். தண்டவாளம் மட்டும் துணி காயப்போடும் கொடி மாதிரி அந்தரத்தில் தொங்க, அடியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. ஓடியிருந்தால் பாசஞ்சர் அந்த இடத்தைக் கடக்கிற நேரம் அது. சந்தையில் வழிமறித்தவர்களும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தக் காகிதத்தைப் பற்றி அப்புறம் யாரும் கேட்கவில்லை.

தீயைச் சுற்றிக்கொண்டு புதுப் பாதை போட நாலு வருஷம் ஆனது. முதல் ரயிலில் மாலோதி அவனை இழுத்துப்போய் ஜன்னலோரம் உட்கார வைத்தாள். பயணியாக அவன் ரயிலேறியது அன்றுதான். ஒவ்வொரு தடதடப்புக்கும் தலையை வெளியே நீட்டி, "எவன்டா இங்க போல்ட் முடுக்கினது?" என்று பாதையோரம் வேலையில் நின்ற எங்களைத் திட்டிக்கொண்டே போனான். இரண்டாவது ஸ்டேஷனில் பொறுக்கமாட்டாமல் இறங்கி, ஸ்பேனர் கேட்டு என்னிடம் நடந்தே திரும்பி வந்துவிட்டான். மாலோதி இறங்கவில்லை. அண்ணன் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தாள்.