காசை நிறுத்திப் பார்த்து எடுத்த மோட்டார்

மல்லிகா, சேகர்... இந்த வாரம் உங்கள் இரண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற மற்றப் பிள்ளைகளும் கூட உட்கார்ந்து கேட்கலாம். இடம் இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாக மல்லிகா கேட்டாள்.

"ஏம்பா, கன்னியப்பன் மாமா படகை அறுக்கச் சொன்னது நீதானாமே? நெசமா?"

"யாருமா சொன்னது?"

"கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும்பா. உனக்குத்தான் தெரியாது போல."

நான் காபியைக் குடித்துவிட்டு, "அப்புறம் சொல்றேன்" என்றேன். பெரியவர்கள் 'அப்புறம்' என்றால் என்ன அர்த்தம்? சொல்லப் போவதில்லை என்று அர்த்தம். அது உங்களுக்கும் தெரியும். அதனால்தான் உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். நேரில் சொன்னால் நடுவில் எனக்குச் சாதகமாக ஏதாவது சேர்த்துவிடுவேன்.

கன்னியப்பன் மாமா பெரிய காஞ்சிபுரத்தில் தறி நெய்கிறவர். கடலுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மெட்ராசுக்குப் புடவை கொண்டுபோன ஒரு நாள், எண்ணூர்ப் பக்கம் கழிமுகத்தில் படகுப் பந்தயம் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான். மனிதர் மாறிப் போய்விட்டார்.

அது சாதாரணப் படகு இல்லை. ஹைட்ரோபிளேன் என்று பெயர். ஏரியில் ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து எறிவீர்களே, தத்தித் தத்திப் போகுமே... அந்த மாதிரி. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகாது. வேகம் பிடித்ததும் மேலே எழும்பி, தண்ணீரின் தோலை மட்டும் தொட்டுக்கொண்டு வழுக்கும்.

பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் அளவு போட்டிருந்தது. அதைப் பார்த்து ஒரு வருஷமாக, தறி வேலை போக மிச்ச நேரமெல்லாம் மெல்லிய பிளைவுட்டில் படகு கட்டினார். தறி இருக்கும் கூடத்தில் பாதியைப் படகே பிடித்துக்கொண்டது. அவர் மனைவி வள்ளியம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் புலம்புவாள்.

"அண்ணா, இந்த வூட்ல கால் வெச்சு நடக்க எடம் இல்ல. ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தா படகு மேலதான் முட்டிக்கினு வுழறேன். ஊர்ல ஆறே காஞ்சி கெடக்குது, இவுருக்குப் படகு!"

படகு தயார். மோட்டார்? ராயபுரத்தில் படகு மோட்டார் பழுது பார்க்கும் அந்தோணி என்பவர், காஞ்சிபுரத்தில் ஒருவர் பந்தயப் படகு கட்டியிருக்கிறார் என்று கேட்டு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "ரெண்டு மோட்டார் சும்மா கெடக்குது. எது வேணுமோ எடுத்துக்கினு போய் ரேஸ் ஓட்டிட்டுக் கொண்டாந்து குடு" என்று சொல்லிவிட்டார். எதை எடுப்பது என்று பார்த்துச் சொல்லத்தான் கன்னியப்பன் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

எட்டாவது வரை படித்தவன் நான். ஆனால் பம்ப் செட் என்ஜின் விஷயத்தில் செவிலிமேட்டிலிருந்து பாலாற்றுக்கு அந்தப் பக்கம் வரை என் வார்த்தைதான். இதில் எனக்கு ஒரு கர்வமும் உண்டு. எந்த என்ஜினையும் நான் ஒரே ஒரு சோதனையில் எடை போட்டுவிடுவேன். பழைய ஒரு ரூபாய்க் காசு ஒன்று, தடித்த விளிம்பு உள்ளது, என் சட்டைப் பையில் சின்ன டப்பாவில் எப்போதும் இருக்கும். என்ஜினை ஓடவிட்டு, அதன் தலையில் அந்தக் காசைச் செங்குத்தாக நிறுத்துவேன். விழாமல் நின்றால் நல்ல என்ஜின். கிணற்றடியில் பத்து மணி நேரம் ஆடாமல் ஓடும். இருபது வருஷமாக அந்தக் காசு என்னை ஏமாற்றியதில்லை.

அந்தோணி பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு மோட்டாராக மாட்டி ஓடவிட்டார்.

முதல் மோட்டார் பெரியது, கனமானது. இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும். அடியில் தண்ணீரைத் தள்ளுகிற விசிறி அகலமாக, கை விரித்த மாதிரி. ஓடினால்... ஆகா! கோயில் மணிக்கூண்டு போல நிதானம். காசை நிறுத்தினேன். நின்றது. ராணுவ வீரன் மாதிரி நின்றது.

இரண்டாவது சின்னது. விசிறியும் சின்னது. ஒரே நடுக்கம், ஒரே இரைச்சல். காசு ஏழு தடவை விழுந்தது. கடைசியாகப் பீப்பாய்க்குள்ளேயே விழுந்துவிட்டது. கையை விட்டுத் துழாவி எடுத்தேன்.

கன்னியப்பன் அந்தச் சின்ன மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டே நின்றார்.

"அண்ணா, இது ஓடணும்னு துடிக்குது பாருணா."

"துடிக்கறதுக்குப் பேரு ஜுரம்பா. பெரிசையே எடு."

"நீ சொன்னா சரிணா."

அந்தோணி பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு சிரித்தார். ஏன் சிரிக்கிறார் என்று அப்போது நான் கேட்டிருக்க வேண்டும் - கேட்டேனா?

பந்தயத்துக்குப் பத்து நாள் இருந்தது. மழைக்கு எங்கள் ஊர் ஏரி நிறைந்திருந்தது. மாட்டு வண்டியில் படகை ஏற்றிக்கொண்டு போய் இறக்கினோம். கன்னியப்பன் முட்டி போட்டு உட்கார்ந்து கயிற்றை இழுத்தார். மோட்டார் கம்பீரமாகப் பிடித்துக்கொண்டது. படகின் பின்பக்கம் தண்ணீரில் அழுந்தியது. மூக்கு வானத்தைப் பார்த்தது. அப்படியே உழுதுகொண்டு போனது. எழும்பவே இல்லை. கரையோரமாக நடந்துபோன ஒருவர் படகை முந்திக்கொண்டு போனார்.

கரையில் மாடு கழுவிக்கொண்டிருந்த விவசாயி ஒருவர் என் பம்ப் செட் வாடிக்கைக்காரர். என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"இன்னா மேஸ்திரி, பாரம் இழுக்கற மாட்டைப் புடிச்சு ரேஸ்ல வுட்டுட்டியா?"

பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. அகல விசிறி, கனம், நிதானம்... அது சரக்குப் படகு இழுக்கிற மோட்டார். என் காசு அதைத்தானே தேடிப் பிடிக்கும்? நின்ற இடத்திலேயே நாள் முழுக்க ஓடும் என்ஜினைத் தேடிப் பழகின காசு அது.

அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது, பிள்ளைகளே. இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். தெரிந்துவிட்டது.

சொட்டச் சொட்ட நனைந்து வந்த கன்னியப்பன் கேட்டார். "இன்னாணா, ஏன் எழும்பல?"

நான் சொன்ன பதில் - "படகு கனம்பா. அடியில சட்டம் அதிகமா வெச்சுட்ட."

நாக்கு தானாகவே சொல்லிவிட்டது. இருபது வருஷத்துப் பேர் அந்த நாக்கில் உட்கார்ந்திருந்தது. அவரும் நம்பினார். என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவார்?

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். மனசு கேட்காமல் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் இருக்கும்போதே ரம்பச் சத்தம். கூடத்தில் படகைக் கவிழ்த்துப் போட்டு, அடிச் சட்டங்களில் சாக்பீஸால் நாலு கோடு போட்டிருந்தார். முதல் கோட்டில் ரம்பம் ஒரு விரல் ஆழம் இறங்கியிருந்தது. சட்டத்தை எடுத்துவிட்டால் அந்த மெல்லிய பலகை பந்தயத் தண்ணீரில் பிளந்துவிடும். அவரும் உள்ளேதான் உட்கார்ந்திருப்பார்.

படகை எப்போதும் திட்டுகிற வள்ளியம்மா தறி ஓரமாக, வாயே திறக்காமல் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் சொன்னாள்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்ணா. ஆனா இந்தச் சத்தம் தறியையே அறுக்கற மாதிரி இருக்குது."



"கன்னியப்பா, ரம்பத்தைக் கீழ வையி."

"இன்னும் மூணு கோடுதாண்ணா."

"கீழ வையிபா! படகுல தப்பே இல்ல. மோட்டாரை நான்தான் தப்பா எடுத்தேன். நேத்து ஏரிக்கரையிலயே எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கினுதான் உன் படகு மேல பழி போட்டேன்."

 கன்னியப்பன் ரம்பத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த வெட்டுக்குள் விரலை விட்டுத் தடவினார்.

"இத்த நேத்தே சொல்லியிருந்தா ஒரு சட்டம் மிச்சம் ஆயிருக்கும்ணா."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வள்ளியம்மாதான் சிரித்துவிட்டாள். "போதும் போதும். ரெண்டு பேரும் அந்த எருமை மோட்டாரைத் தூக்கிக்கினு கெளம்புங்க. பத்தரை பஸ் போயிடப் போவுது."

மோட்டாரைச் சாக்கில் சுற்றி, பஸ் மேல் ஏற்றி, ராயபுரம் போய் இறங்கினோம். அந்தோணி எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கக் கூட இல்லை.

"ஒரு வாரம் ஆவும்னு பார்த்தேன். சீக்கிரமே வந்துட்டீங்களே! சின்னது அங்கதான் இருக்குது. எடுத்துக்குங்க."

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னாபா?" என்று நான் கோபமாகக் கேட்டேன்.

"நீங்க காசு வெச்சுப் பாத்துக்கினு இருந்தீங்க மேஸ்திரி. நடுவுல நான் பேசியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

சின்ன மோட்டாரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன்.

வெட்டு விழுந்த சட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டை வைத்துப் பசை போட்டு இறுக்கினோம். சின்ன மோட்டாரை மாட்டி ஏரியில் விட்டதும், முதலில் அதே நடுக்கம், அதே கூச்சல். அப்புறம் கன்னியப்பன் உடம்பை முன்னால் சாய்த்தார். மூக்கு இறங்கியது... பின்பக்கம் எழுந்தது... படகு தண்ணீரை விட்டுவிட்டது! வள்ளியம்மா கரையில் என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே, "அண்ணா, பறக்குதுணா, பறக்குது!" என்று கத்தினாள். படகுக்கு அவள் கொடுத்த முதல் நல்ல வார்த்தை.

எண்ணூரில் ஏழு படகு ஓடியது. நம் மாமா ஐந்தாவதாக வந்தார். ஜெயித்தவரை விட அவர்தான் அதிகம் சிரித்தார்.

ஆக, மல்லிகா, உன் கிளாசில் சொன்னது நெசம்தான். அறுக்கச் சொன்னது நான்தான். வாயால் 'அறு' என்று சொல்லவில்லை. படகு மேல் பழியைப் போட்டுவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருந்தேன். அதுவே ஒரு விரல் ஆழம் அறுத்துவிட்டது. பேர் வாங்கினவர்கள் எல்லோருக்கும் இந்த ஆபத்து உண்டு என்று நினைக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்படுவதை விட, தெரிந்த பிறகும் மறைப்பது பெரிய கோளாறு.

பந்தயம் முடிந்து ஊருக்கு வந்த அன்று சாயங்காலம் நான் மட்டும் பட்டறையைத் திறந்து உட்கார்ந்தேன். அந்தப் பழைய காசைத் துடைத்து டப்பாவில் போட்டேன். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, மூடியின் மேல் ஒட்டினேன்.

"கிணற்று என்ஜினுக்கு மட்டும்."