பெட்டி இல்லாத நம்பர்

“எலும்பே இல்லாம அனாடமி எப்படிடி பாஸ் பண்ணுவ? ஆறு மாசத்துல வூட்டுக்குப் போயிருவ, பாரு.”

விடுதியில் சேர்ந்த முதல் வாரம், எதிர் அறையில் இருந்த இரண்டாம் ஆண்டு அக்கா இதைச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. முறுக்கைக் கடித்துக்கொண்டே, சாயங்காலம் மழை வரும் என்பதுபோலச் சொன்னார். அதனால்தான் அதிகம் உறுத்தியது.

செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் மருத்துவக் கல்லூரி. அதன் பெண்கள் விடுதியில் எல்லாமே நம்பர் குடும்பம்தான். வகுப்பில் உங்கள் எண் பதினேழு என்றால், இரண்டாம் ஆண்டின் பதினேழு உங்களுக்கு நம்பர் அம்மா. மூன்றாம் ஆண்டின் பதினேழு நம்பர் ஆயா, அதாவது பாட்டி. நம்பர் அம்மா முதல் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வாங்கித் தருவார், தன் புத்தகங்களைத் தருவார், கடைசியில் ஒரு தகரப் பெட்டியையும் தருவார். அதற்குள் ஒரு மனித உடலின் எலும்புகள் இருக்கும். முதலாண்டு வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், தேர்வாளர் ஏதாவது ஓர் எலும்பைக் கையில் கொடுத்து, எது இது, வலதா இடதா, எந்தத் தசை எங்கே ஒட்டியிருக்கும் என்று கேட்பார். கல்லூரியில் உள்ள எலும்புகள் வகுப்பு நேரத்துக்கு மட்டும். மற்ற நேரத்தில் படிக்கப் பெட்டிதான் வேண்டும்.

எங்கள் ஆண்டில்தான் ஓர் இடம் கூட்டினார்கள். அந்தக் கடைசி எண் எனக்கு வந்தது. எனக்கு முன்னால் அந்த எண்ணில் யாருமே இல்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடத்துக்குள் போனது ஓட்டுப் போடுவதற்கு மட்டும். நான் முதலாண்டில் தவறினால் வகுப்பு என்னை விட்டுவிட்டு மேலே போய்விடும். ஊரில் பெரியப்பா, நான் அப்பவே சொன்னேனே என்று அப்பாவிடம் ஆரம்பித்துவிடுவார்.

அப்பா மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் லோடு ஏற்றுகிறார். போனில் விஷயத்தைச் சொன்னதும், எலும்பு எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். அதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

“த பாரு, லீவுல வரச்சொல்ல அந்த எலும்பயெல்லாம் வூட்டாண்ட எடுத்துகினு வந்துராத.”

நாலரை மணிக்கு மெஸ்ஸில் டீயும் பஜ்ஜியும் போடுவார்கள். அந்த ஒரு மணி நேரம் விடுதியின் பெட்டிகளெல்லாம் கட்டிலுக்கு அடியில் சும்மா கிடக்கும். அந்த நேரத்தைத்தான் நான் அறை அறையாகக் கேட்டு வாங்கினேன். ஓர் அறையில் தொடை எலும்பு, மறுநாள் வேறோர் அறையில் தோள்பட்டை. பதிலுக்கு மழை தூறினால் அவர்கள் துணியைக் கொடியிலிருந்து எடுத்து வைப்பேன். ஊருக்குப் போய் வரும்போது அம்மா கட்டிய மல்லிகைச் சரம் கொண்டுவருவேன். என்னைப் பார்த்ததும், “எலும்பு வசூல் வந்துகீது, எடுத்து வைங்கடி” என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வேன். அந்த வருஷம் முழுக்க எனக்கு ஆறிப்போன பஜ்ஜிதான்.

ஒருநாள் ஏழாம் எண்காரியின் அறைக்குப் போனேன். விடுதியிலேயே பெயர் பெற்ற குடும்பம் அது. அம்மாவும் ஆயாவும் வகுப்பில் முதல் வரிசைக்காரர்கள். அவர்கள் பெட்டியிலிருந்து ஃபிபுலாவை எடுத்தேன். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக இருக்கும் மெல்லிய எலும்பு. அதன் மேல் யாரோ சிவப்பு நகப்பூச்சால் ‘வலது’ என்று எழுதியிருந்தார்கள். அதற்குள் நான் எட்டு ஒன்பது ஃபிபுலாவையாவது கையில் பிடித்திருந்தேன். இது சரியாக உட்காரவில்லை. இது இடது என்றேன்.

“நாலு பேட்ச் படிச்ச எலும்புடி இது. ஒண்ணுகூட இல்லாத நீ வந்து சொல்றியா?” என்றாள் அவள்.

சத்தம் கேட்டு அவளுடைய நம்பர் ஆயா தலையில் துண்டோடு வந்தார். தானும் இதில்தான் படித்ததாகவும் இது வலதுதான் என்றும் சொன்னார். நான் நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை நீட்டினேன். எலும்பின் கீழ்முனையில் ஒரு சின்னக் குழி உண்டு. அது பின்பக்கம் வர வேண்டும். அதன் பக்கத்திலேயே உள்ள வழவழப்பான பரப்பு உள்ளே, அடுத்த காலைப் பார்க்க வேண்டும். குழி பின்னால் வரும்படி காலோடு ஒட்டிப் பிடித்தேன். வழவழப்பு வெளியே சுவரைப் பார்த்தது. இடது காலுக்கு மாற்றினேன். அது உள்ளே திரும்பிக்கொண்டது.

ஆயா எலும்பை வாங்கித் தன் காலில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு துண்டு அவிழ விழுந்து விழுந்து சிரித்தார்.

“அடிப்பாவி. வைவால இடத வலதுன்னு சொல்லி அந்தாளுகிட்ட வாங்கிக் கட்டிக்கினேனே, அது இதாலதானா?”

அன்றே நெயில் ரிமூவர் போட்டு அந்த எழுத்தை அழித்தார்கள். செய்தி இரவுச் சாப்பாட்டுக்குள் மெஸ் முழுக்கப் பரவியது. மறுநாள் நாலரைக்கு நான் யார் கதவையும் தட்டவில்லை. ஏழெட்டுப் பேர் தங்கள் எலும்புகளோடு என் அறைக்கு வந்தார்கள், தங்களுடையது சரிதானா என்று கேட்க. ஒவ்வொருத்தியும் தன் பெட்டியை மட்டும் அறிந்திருந்தாள். நான் எல்லாருடையதையும் அறிந்திருந்தேன்.

தேர்வில் மணிக்கட்டின் சின்ன எலும்பு ஒன்றைக் கொடுத்தார் தேர்வாளர். சொன்னேன். இன்னொன்று கொடுத்தார். சொன்னேன். மூன்றாவதை மேசைக்கு அடியில், கண்ணால் பார்க்காமல் தடவிச் சொல்லச் சொன்னார். அதையும் சொன்னேன். உடற்கூறியலில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் என்னுடையது. அப்பாவை அழைத்தபோது அவர் கம்பெனி பஸ்ஸில் இருந்தார். அங்கேயே எழுந்து நின்று சத்தமாக அறிவித்துவிட்டார் போல. பஸ்ஸே கைதட்டியது எனக்குப் போனில் கேட்டது.

இந்த ஆண்டு இன்னும் ஐந்து இடங்கள் கூட்டியிருக்கிறார்கள். என் எண்ணில் வந்திருப்பவளையும் சேர்த்தால் ஆறு பேருக்குப் பெட்டி இல்லை. அவர்கள் வந்து கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை. வார்டனிடம் எழுதிக் கொடுத்து, படிப்பறையில் காலியாக இருந்த இரும்பு அலமாரியை வாங்கினேன். பெட்டி கொடுத்த அம்மாக்களிடமும் வாங்கிக்கொண்ட பிள்ளைகளிடமும் போய்ப் பேசினேன். குடும்பச் சொத்து என்று சிலர் இழுத்தார்கள். பெட்டி உங்களுடையதுதான், டீ நேரத்துக்கு மட்டும் கொடுங்கள் என்றேன். இதுவரை ஒன்பது பெட்டிகள் உள்ளே வந்துவிட்டன. நேற்று நாலரை மணிக்கு அலமாரியைத் திறந்து, அந்த ஆறு பேருக்கும் முதல் வகுப்பு எடுத்தேன்.