பச்சை மரத்துப் பெஞ்சு

நான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த வருஷம், ஐப்பசிக் காற்றில் எங்கள் கழனி வரப்பில் நின்ற வேப்பமரம் சாய்ந்தது. பெரிய மரமில்லை, நைனாவின் தொடைப் பருமன்தான் இருக்கும். ஆனாலும் அதன்மேல் ஏற என்னை விட்டதே இல்லை. களையெடுக்கப் போகும்போது அம்மா முதல் வாய்ச் சோற்றை அதன் அடியில் வைத்துவிட்டு, யாரையோ செல்லமாகக் கடிந்துகொள்வாள். காக்காயிடம் பேசுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

மறுநாள் நைனா, புத்தூரில் தச்சுவேலை செய்யும் மாமாவிடம் ரம்பமும் உளியும் இரவல் வாங்கிவந்தார். பச்சை மரம் முறுக்கிக்கொள்ளும், ஆறு மாசம் நிழலில் காயட்டும் என்று மாமா சொல்லியிருந்தார். அவ்வளவு நாள் அதை வெளியே போட்டுவைக்க நைனாவுக்கு மனசில்லை.

“இன்னாத்துக்குய்யா அதப் போயி அறுக்கற?” என்று அம்மா மறித்தாள்.

“பையன் குந்திக்கினு படிக்க ஒரு பெஞ்சு.”

“வூட்டுக்குள்ள வந்தா இவனயும் இஸ்துக்கினு பூடும்யா. ஒண்ணு குடுத்தது போதாதா?”

“அப்போ அவன அடுப்புல வெக்கச் சொல்றியா? சொல்லு, வெக்கறேன்.”

அம்மா வழியை விட்டு விலகினாள்.

எனக்கு முன் ஒருவன் பிறந்து, பள்ளிக்கூடம் போகும் வயசு வருமுன்னே காய்ச்சலில் போய்விட்டான் என்று தெரியும். எங்கள் வீடுகளில் பிள்ளைகளை எரிப்பதில்லை, சொந்தக் கழனியில் புதைத்து மேலே ஒரு கன்று நடுவார்கள் என்பது தெரியாது. நைனா சொன்ன ‘அவன்’ மரத்தின் பெயர் என்றே எடுத்துக்கொண்டேன்.

நைனா ஆப்பு வைத்து மரத்தை நெடுக்காகப் பிளந்தார். இரண்டு பாதியையும் சேர்த்து, அடியில் சட்டம் அடித்து, துளை போட்டு நாலு கால் இறக்கினார். என்னை உட்காரவைத்துப் பார்த்தார். பிறகு என்னை ஓரமாக நகர்த்தி, பக்கத்துக் காலியிடத்தில், என் தலைக்குச் சற்று மேலே, உள்ளங்கையைக் கவிழ்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தார்.

“இன்னா நைனா?”

“எடம் போதுமான்னு பாத்தேன்டா.”

பெஞ்சு வீட்டுக்குள் வந்தது. விளக்கு போடும் நேரத்தில் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும், யாரோ குதித்து இறங்கினதுபோல. உட்கார்ந்தால் டவுசர் நனையும். நான் ஓரத்தில் அசையாமல் இருக்கும்போதே மறுமுனை லேசாகத் தாழ்ந்து முனகும்.

மாமா வந்து பார்த்துச் சிரித்தார். “மச்சான், இது பெஞ்சா ஒட்டகமா? சொன்னா கேட்டாத்தான?”

அப்போது அது ‘டப்’ என்றது. உள்ளேயிருந்து அம்மா, “வரேன் சாமி, இரு” என்றாள். மாமா காப்பியைக் குடிக்காமலே கிளம்பினார்.

மார்கழியில் எனக்குக் காய்ச்சல் கண்டது. மருந்துக்கும் இறங்கவில்லை. ஒரு மத்தியானம் கண்விழித்தபோது அம்மா பெஞ்சின் முன்னால் தரையில் உட்கார்ந்து, அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“நீ இங்கியே இருந்துக்க சாமி. ஒன்ன யாரும் போகச் சொல்லல. அவன் படிக்கிறத நீயும் கேளு. கூப்ட்டுக்கினு மட்டும் போவாத.”

சாமி என்றதால், கும்பிடுகிறாள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

காய்ச்சல் இறங்கியது. மறுபடி புத்தகத்தை எடுத்த அன்று அம்மா எதிரே வந்து உட்கார்ந்தாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தெலுங்குப் பாடம்தான்; அவளுக்குத் தெலுங்கு எழுத்தும் தெரியாது, தமிழ் எழுத்தும் தெரியாது. “அ, அம்மா. ஆ, ஆவு” என்று பக்கத்தை முடித்தேன்.

“இன்னொருவாட்டி சொல்லு” என்றாள்.

அதற்குப் பிறகு எந்தப் பாடமானாலும் இரண்டு தடவை. முதல் தடவை என்னைப் பார்த்துக் கேட்பாள். இரண்டாம் தடவை எனக்குப் பக்கத்தில் பார்ப்பாள். எங்கேயோ தப்பாக வாசித்துவிட்டேன் போலிருக்கிறது என்று பயந்து, அந்த இரண்டாம் தடவையை இன்னும் உரக்க, எழுத்தெழுத்தாக விரல் வைத்து, தெரியாத ஒருவனுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல நிதானமாக வாசிப்பேன்.