மேல் வரியை மட்டும் வாசித்தவன்

மாத்தளைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் ரெக்கோர்ட் ரூமில் எனக்கு வேலை. நோயாளி வீட்டுக்குப் போன பிறகு அவருடைய டிக்கெட், அதாவது வார்டில் டாக்டரும் நர்ஸும் எழுதி நிரப்புகிற காகிதக் கட்டு, என்னிடம் வரும். என்ன நோய் என்று பார்த்து, ஒரு எழுத்தும் சில இலக்கங்களும் கொண்ட கோட் போட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றி, றாக்கையில் அடுக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "மெடிக்கல் சைட்ல இருக்கேன்" என்பேன். மேற்கொண்டு கேட்க விடமாட்டேன்.

இந்தப் பந்தாவுக்குத் தீனி போட்டவர்கள் நோயாளிகளே. வீட்டுக்குப் போகும்போது அவர்களுக்கு டயக்னோசிஸ் கார்ட் கொடுப்பார்கள். முழுக்க ஆங்கிலம், அதுவும் டாக்டர் கையெழுத்து. பஸ்ஸுக்குப் போகிற வழியில் என் ஜன்னலில் நின்று, "சார், இதுல என்னா போட்டிருக்கு?" என்பார்கள். சார் என்று ஒருவர் கூப்பிட்டால் போதும், என் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். வாசித்துச் சொல்வது என் வேலை இல்லை, சொல்லவும் கூடாது. எங்கள் பகுதிக்குப் பொறுப்பான மேடம் இதற்காக இரண்டு தரம் சிங்களத்தில் நல்லா ஏசியிருக்கிறார். ஏச்சை வாங்கி வைத்துவிட்டு மறுபடி வாசிப்பேன்.

கோட் போடுகிறவனின் கண் ஒரு மாதிரியாகப் பழகிப்போயிருக்கும். பெரிய நோய் எப்போதும் மேல் வரியில் இருக்கும். அதைப் பிடித்தால் கோட் கிடைத்துவிடும், மிச்சத்தை யார் வாசிக்கிறார்கள்? இன்னொன்று, டாக்டர் சந்தேகம் என்று எழுதி, வேறு தகவல் எதுவும் வராவிட்டால், உறுதியான நோய்க்கு என்ன கோட்டோ அதையே போடு என்பது எங்கள் விதி. எத்தனை பேருக்கு என்ன நோய் என்று எண்ணுவதற்கு அந்த விதி சரிதான். ஜன்னலில் நிற்கிற மனுஷிக்கும் அது சரியா என்று இந்த மரமண்டை ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்று வந்தவர் ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தேயிலைக் கொழுந்து பறிக்கிற ஒரு அக்கா. பள்ளிக்கூடத்தில் ஏ.எல். வகுப்பு படிக்கிற மகளுக்கு வலது கையில், தோளுக்குக் கீழே எலும்பில் ஒரு கட்டி. சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். மகளை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு இவர் மட்டும் கார்டோடு வந்தார்.

மேல் வரியைப் பார்த்தேன். கை எலும்பில் புற்றுநோயோ என்று சந்தேகம். அந்தச் சந்தேகத்தை நான் பழக்கதோஷத்தில் விழுங்கிவிட்டேன்.

"எலும்புல கேன்சர்க்கா," என்றேன். அதோடு விட்டேனா? "இப்ப அதுக்கெல்லாம் நல்ல மருந்து இருக்கு, பயப்படாதீங்க," என்று டாக்டர் மாதிரி தலையை வேறு ஆட்டினேன்.

அவர் கார்டை வாங்கி மடித்து, "நன்றிங்க சார்," என்றார். ஆமாம், எனக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார்.

டிக்கெட் வந்ததும் C40.0 என்று போட்டேன். கையின் நீண்ட எலும்பிலோ தோள்பட்டை எலும்பிலோ புற்றுநோய் என்றால் அந்தக் கோட். பத்து நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, பரிசோதனை அறிக்கை வந்தது. புற்றுநோய் இல்லை. எலும்பில் வளர்ந்த தீங்கில்லாத கட்டி. அதே எலும்புகளில் அப்படிக் கட்டி இருந்தால் D16.0. பழையதை அழித்துப் புதியதை அடித்தேன், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அறிக்கையை டிக்கெட்டில் கோர்க்கும்போதுதான் கார்டின் பிரதியில் கடைசி வரி கண்ணில் பட்டது. "தீங்கில்லாத கட்டியாகவும் இருக்கலாம். அறிக்கை வரும்வரை முடிவில்லை."

பத்து நாளாக அந்த அக்கா என் வாயை நம்பி மகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்! டிக்கெட்டில் இருந்த நம்பருக்கு அடித்தேன், போனை ஓப் பண்ணி வைத்திருந்தார்கள். மேடமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திங்கட்கிழமை கிளினிக்கில் டாக்டர் சொல்வார்தானே, அதுவரை நீ வாயை மூடிக்கொண்டிரு என்றார். நல்ல புத்திமதி. கேட்டால் அது நான் இல்லையே.

சனிக்கிழமை காலை, டிக்கெட்டில் இருந்த விலாசத்தைத் தேடி ஒரு பிஸ்கட் பெட்டியோடு பஸ் ஏறினேன். பொய் சொல்வானேன், பாவம் அந்தத் தாய் என்றுதான் புறப்பட்டேன், ஆனால் ரத்தோட்டையைத் தாண்டும்போதே மனதுக்குள் வேறு படம் ஓட ஆரம்பித்துவிட்டது. அக்கா என் கையைப் பிடித்து அழுவார், "சார், நீங்க தெய்வம்" என்பார், நான் "அதெல்லாம் இல்லக்கா" என்று அடக்கமாகச் சொல்வேன். அந்த அடக்கத்தை பஸ்ஸிலேயே இரண்டு தரம் ஒத்திகை பார்த்தேன். வெட்கங்கெட்டவன்.

லயத்து வீட்டு வாசலில் அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். முகம் பாதியாகிவிட்டிருந்தது. மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள்.

"அக்கா, ரிப்போட் வந்துருச்சு. கேன்சர் இல்ல. சும்மா கட்டிதான்," என்றேன், மூச்சு வாங்கியபடி.

அவர் அழவில்லை. கையையும் பிடிக்கவில்லை.

"பேப்பர் கொண்டாந்தீங்களா?"

"அத வெளிய கொண்டு வரக் கூடாதுக்கா."

"டாக்டரு சொல்லிவிட்டாரா?"

"இல்ல. நான் பாத்தேன்."

"அன்னைக்கும் நீங்கதானே தம்பி பாத்தீங்க," என்றார். சார் போய்விட்டது. "நாலு நாளு நான் அடுப்பு பத்த வைக்கல. மகதான் கார்டப் புடுங்கி கடைசி வரைக்கும் வாசிச்சுச்சு. டாக்டரு இன்னும் முடிவா ஒண்ணும் சொல்லலியேம்மா, ஒனக்கு யாரு இப்படிச் சொன்னான்னு கேட்டுச்சு. ஆஸ்பத்திரியில ஒரு படிச்ச சாரு சொன்னாருன்னேன்."

ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை. "மன்னிச்சிருங்கக்கா. தப்பு என் மேலதான். ஆனா இது நெசம். இந்தத் தடவ முழுசா வாசிச்சேன்."

அவர் நம்ப ஆசைப்பட்டார், அது முகத்தில் தெரிந்தது. பிறகு தலையை ஆட்டினார்.

"வேணாந் தம்பி. திங்கக்கெழம டாக்டரு வாயால கேட்டுக்கறேன். நீங்க நல்லது சொன்னாலும் எனக்குப் பயமாத்தான் இருக்கு."

தேத்தண்ணி கொடுத்தார், குடித்தேன். அந்தப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று அந்த மலையில் நிச்சயமாகத் தெரிந்திருந்த ஒரே ஆள் நான்தான். அவளைப் பெற்றவர் இன்னும் இரண்டு நாள் பயந்துகொண்டிருக்கப் போகிறார், என்னால் அதில் ஒரு மணி நேரத்தைக்கூடக் குறைக்க முடியவில்லை.