குளம் வான் பாய்ந்தால் சுதாஜினிக்குக் காய்ச்சல்

எங்கள் பக்கத்தில் குளம் நிரம்பி, மிஞ்சின தண்ணீர் வழிந்து வான் பாய்ந்தால், சனம் பிள்ளைகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பார்க்கப் போகும். சுதாஜினி மட்டும் குசினிக்குள் அடுப்படியில் இருந்து அழுவாள். அவளுடைய புருசன் குகதாசன் நெல் விதைக்கிறவர். "என்ர வீட்டில மழைக்குச் சிரிக்கிறதோ அழுகிறதோ எண்டு தெரியேல்லை" என்று என்னிடம் வந்து முறையிடுவார்.

அவள் பயத்திலும் நியாயம் உண்டு. முல்லைத்தீவுப் பட்டினத்துக்குப் பின்னால், கடல் தண்ணீர் வந்து போகும் களப்பில், ஒரு காலத்தில் சிப்பி பாறை பாறையாய்க் கிடந்ததாம். சுண்ணாம்பு சுட என்று அள்ளி அள்ளியே முடித்துவிட்டோம். இப்போது எங்கள் பெண்கள் சங்கம் பழைய சிப்பி ஓடுகளைக் கயிற்றில் கோத்துத் தண்ணீரில் தொங்கவிட்டிருக்கிறது. அதில் குஞ்சுச் சிப்பிகள் வந்து ஒட்டி வளர்கின்றன. கயிற்றடியில் நண்டும் குஞ்சுமீனும்கூடத் திரும்பிவிட்டன. பொறுப்பு சுதாஜினிக்கு. சொந்தப் பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்டால் யோசிப்பாள். எந்தக் கயிற்றில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்றால் உடனே சொல்லுவாள். ஆனால் சிப்பிக்கு உப்பு வேண்டும். குளத்துத் தண்ணீர் வந்து களப்பில் தேங்கினால் அது வாயை இறுக மூடிக்கொண்டு கிடக்கும். நெடுநாள் தாங்காது.

இந்த மாரியில் ஒரு கிழமையாக வான் பாய்வது ஓயவில்லை. சுதாஜினிக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு தோணியில் போய்க் கயிற்றைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பாள். எல்லாம் மூடியபடியே இருந்தன. செத்தால் வாய் பிளந்துவிடும் என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்தென்ன, பயம் கேட்குமா?

"அக்கா, உள்ளுக்கை செத்துப் போச்சுதோ தெரியேல்லை. ஒண்டைத் திறந்து பாப்பமே?"

"விசரி, பேசாம இரு. மூடியிருந்தா உயிர் இருக்கெண்டு அர்த்தம். திறந்தியெண்டா செத்துப்போம்."

நான் தோணியைத் திருப்பத் தடியை எடுத்தேன். அதற்குள் ஒரு சிப்பியில் கத்தியைச் செருகிவிட்டாள்.

உள்ளே சதை கொழுகொழுவென்று இருந்தது. கத்தி பட்ட இடம் சுருங்கியது. எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அடித்திருப்பேன்; முகத்தைப் பார்த்ததும் கை எழவில்லை.

வெள்ளத்தில் கிடந்த வயலை விட்டுவிட்டுக் குகதாசன் கரையில் வந்து நின்றார், பாவம்.

"என்ன மாதிரி?"

"திறந்து பாத்தாள். உயிரோடதான் இருந்தது" என்றேன்.

"அப்ப என்ன, சந்தோசப்படன்! எல்லாம் தப்பியிருக்கும்."

சுதாஜினி அந்தத் திறந்த சிப்பி கிடந்த உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"இதுவும் தப்பியிருக்கும்," என்றாள், "நான் பொறுத்திருந்தா."